கழிநீருக்கும் மூச்சு வேண்டும்



வீட்டை விட்டு நீர் வெளியேறினால் கடமை முடிந்ததெனக் கருதுவோர் பலர். அந்நீர் எங்கே போகிறது? கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகிறது. நிலத்துட் கசிந்து, மீண்டும் கிணற்றுக்கே வருகிறது!

கழிநீர் நாறுவது ஏன்? அழுக்கை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியையும் தீர்த்துவிடுகின்றன. அது தீர்ந்ததும், உயிர்வளி வேண்டாத வேறு நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. நாற்றம் அவற்றின் வேலை. வெப்ப நாட்டில் ஓர் இலிட்டர் நீரில் கரையும் உயிர்வளி ஏறத்தாழ 8 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே, கழிநீருக்கு இடைவிடாது மூச்சு ஊட்ட வேண்டும்.

ஞாயிறே அதனைச் செய்யும் இடமும் உண்டு. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 எக்தேர் ஈரநிலம் உளது. நகரின் கழிநீர் அங்கே ஆழமில்லாக் குளங்களில் தேங்குகிறது. வெயிலில் தழைக்கும் பாசி உயிர்வளியை ஈகிறது. நுண்ணுயிர்கள் அழுக்கை அழிக்கின்றன. பாசியை மீன் உண்கிறது. மிகுநீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. மீனவரும் உழவரும் பட்டறிவால் வளர்த்த கலை அது! அதன் அருமையை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருவசோதி கோசு. 2002இல் இராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் அந்நிலம் இடம்பெற்றது.

அத்துணைப் பரந்த நிலம் இல்லாத பள்ளியும் குடியிருப்பும் என் செய்வது? அங்கேதான் காற்றூட்டுங் குளம் கைகொடுக்கிறது. முதற் குளத்தில் மண்டி படியும். இரண்டாங் குளத்தில் ஊதுகருவி அடியிலிருந்து குமிழி குமிழியாகக் காற்றைச் செலுத்தும். மூன்றாங் குளத்தில் நீர் அசைவின்றி நின்று தெளியும். பாசி வாரக்கணக்கிற் செய்வதை ஊதுகாற்று சில நாள்களிற் செய்து முடிக்கும், இடமும் சுருங்கும்.

ஆயினும், விழிப்பு வேண்டும். ஊதுகருவி நின்றால் நாற்றம் மீளும். சாயநீரும் மாழை நஞ்சும் கலந்தால் நுண்ணுயிர்கள் மடியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்டியை அகற்றாவிடில் குளம் தூரும். அதனை அள்ள மாந்தரை இறக்குவது அறமன்று. எக்கியால் எடுத்தல் வேண்டும். தெளிந்த நீரும் மரங்களுக்கே உரியது, குடிப்பதற்கன்று.

குளம் வெட்டுவது எளிது. திறப்புவிழா நடத்துவது அதனினும் எளிது! நாள்தோறும் அதனைக் காக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்கு முறையான ஊதியமும் வேண்டும். இவ்விரண்டையும் முதலில் உறுதி செய்துகொள்ளும் ஊரே தன் கிணற்றைக் காக்கும்.