நிரைக்கு அடங்காத எண்

பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு 'நிரை' என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நமது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் அந்தச் சொல் வீடுகளில் இருக்கிறது. அதை வைத்தே இன்று பகா எண்ணைப் பற்றிப் பேசுவோம்.

12 கன்றுகளை நிரைக்கு நான்காக மூன்று நிரை நடலாம். 13 கன்றுகளை? இரண்டு, மூன்று, நான்கு என்று எத்தனை நிரையாகப் பிரித்தாலும் மிச்சம் விழும். இப்படிச் சம நிரைகளாகப் பிரியாததே பகா எண்.

ஒரு முறை வகுப்பில் 91 பகா எண் என்று நாமே கரும்பலகையில் எழுதிவிட்டோம். கணக்கில் மந்தம் என்று பெயரெடுத்த ஒரு சிறுமி, மறுநாள் ஒரு பை நிறைய ரப்பர் கொட்டைகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். ஏழு நிரை, நிரைக்குப் பதின்மூன்று. "மிச்சமே இல்லையே, சார்!" என்றாள். வகுப்பார் முன்னிலையிலேயே நாம் எழுதியதை அழித்தோம். அதன்பின் அவளை மந்தம் என்று யாரும் சொல்லவில்லை.

சிறிய எண்ணுக்குக் கொட்டை பரப்பலாம். பெரிய எண்ணுக்கு? எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் முதல் நிம்மதி. 97ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பத்தைப் பத்தால் பெருக்கினாலே 100 ஆகிவிடுகிறது. ஆகவே 97 பிரியுமானால், ஒரு பக்கம் பத்துக்குக் குறைந்ததாகவே இருக்கவேண்டும். 2, 3, 5, 7 ஆகிய நான்கால் வகுத்துப் பார்த்தால் போதும். நான்கிலும் மிச்சம் வருகிறது. 97 பகா எண்ணே.

இனி ஒரு பெரிய எண். இரண்டை 31 தடவை எழுதி, எல்லாவற்றையும் பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரும். இதற்கு 46,340 வரை பார்க்கவேண்டும். ஆய்லர் என்ற கணித மேதை, கண்பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த காலத்தில், இது பகா எண் என்று 1772இல் அறிவித்தார். இதை வகுக்கக்கூடிய பகா எண் இருந்தால், அதனை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63தான் மிஞ்சவேண்டும் என்று அவர் கண்டிருந்தார். மற்றவற்றைத் தொடவே வேண்டாம்! வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால் அது அந்த வகை எண்ணுக்கு மட்டும் உதவும் சலுகை. எந்த எண்ணைக் கொடுத்தாலும், ஊகத்துக்கு இடமின்றி, இலக்கங்கள் கூடக்கூட வேலை கட்டுக்கடங்காமல் பெருகாமல் சோதிக்க வழியுண்டா? உண்டு என்று 2002இல் நிரூபித்துக் காட்டியவர்கள் இந்தியாவின் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர். மணீந்திர அகர்வால் ஆசிரியர். நீரஜ் கயல், நிதின் சக்சேனா இருவரும் அப்போதுதான் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்த அவருடைய மாணவர்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே கணக்கின் முன் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கு அந்த ரப்பர் கொட்டைகள்தாம் நினைவுக்கு வந்தன.

இன்றிரவு பிள்ளைகளுக்கு 221ஐக் கொடுங்கள். 14 வரை வகுத்துப் பார்த்தால் போதும்.