வேளாவேளைக்குப் பசிக்கும் செல்வம்



'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. வள்ளுவர் 'கல்வி' அதிகாரத்தின் இறுதிக் குறளில் அதனை அப்பொருளிலேயே ஆண்டிருக்கிறார். ஏனைய செல்வங்களைப் பெட்டியில் பூட்டிவிட்டு உறங்கலாம். மாடோ வேளாவேளைக்குப் பசிக்கும் செல்வம். யாழ்ப்பாணத்துக் கமக்காரன் அதனை எவ்வாறு பேணினான் என்பதை இன்று நோக்குவோம்.

மாட்டுக்கொட்டில் பெரும்பாலும் வீட்டின் பின்புறத்தில், அடுக்களையிலிருந்து குரல் கேட்கும் தூரத்தில் இருந்தது. அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் நேரே தொட்டிக்குப் போயின. கூரைக்குப் பனையோலை, மூத்திரம் தேங்காதபடி நிலத்திற்குச் சற்றுச் சரிவு, நுளம்பை விரட்ட மாலையில் வேப்பிலைப் புகை. கோடையில் புல் கருகினால் பனையோலையைத் தும்பாகக் கிழித்துப் போட்டார்கள். வேலியில் நின்ற பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் ஆட்டுக்குக் குழையாயின. கூரையும் வேலியும் தீனியும் வளவுக்குள்ளேயே விளைந்தன. சாணமும் ஆட்டெருவும் மீண்டும் தோட்டத்து மண்ணைச் சேர்ந்தன.

இது சிக்கனம் மட்டுமன்று. பால் கறப்பவர் கன்றுக்கென ஒரு முலையை விட்டே கறந்தார். சோற்றுக் கோப்பையைக் கையில் எடுக்குமுன், "வாயில்லாச் சீவனுக்குத் தண்ணி வைச்சாச்சோ?" என்று கேட்பது மூத்தோர் வழக்கம். பட்டிப் பொங்கலன்று பொங்கிப் படைப்பது ஒருநாட் சடங்கு. இந்தக் கேள்வியோ நாடோறும் நிகழ்ந்த சடங்கு.

இந்த ஒழுக்கத்தின் ஆழம் 1995 ஒக்டோபர் இறுதியில் வெளிப்பட்டது. வலிகாமம் மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்த அவ்வேளை, கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடும் அவதியிலும், பலர் கொட்டிலுக்குச் சென்று கயிற்றை அவிழ்த்துவிட்டே புறப்பட்டனர். எடுத்துச்செல்ல இயலாத செல்வத்தைக் கட்டிவைத்துப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. பூட்டிய வீட்டின் திறப்பு மடியில் இருந்தது. மாட்டின் கயிறு அவிழ்ந்து கிடந்தது.

இன்று பல வளவுகளில் கொட்டில் இல்லை. வேலி நின்ற இடத்தில் மதில் நிற்கிறது. குழை, தும்பு, பட்டி என்னும் சொற்களுக்கு மாணவர் அகராதியில் பொருள் தேடுகின்றனர். அகராதி பொருளைத்தான் சொல்லும். அச்சொற்களோடு வாழ்ந்த அக்கறையை, அறிந்தவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.