திக்கும் காணொளி



கணிப்பொறியில் பாடம் கேட்கும் வழக்கம் இன்று ஊர்ப்புறங்களிலும் பரவிவிட்டது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. அப்பொழுது அதன் பாடங்களை யூடியூப் வழியாகவும் பார்த்துப் படித்தவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள். கல்லூரி மாணவர்களுக்கோ, ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள் இருக்கின்றன. ஆண்டிமடத்தில் ஒரு திண்ணையில் அமர்ந்துகொண்டே சென்னைப் பேராசிரியர் ஒருவரின் கரும்பலகையை நாம் பார்க்க முடிகிறது.

ஆனால் நடப்பது என்ன? சூத்திரத்தின் பாதியில் பேராசிரியரின் கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. திரையின் நடுவே ஒரு வட்டம் சுழல்கிறது. அவர் மீண்டும் பேசத் தொடங்குவதற்குள் கேட்பவனுடைய எண்ணத்தின் இழை அறுந்துவிடுகிறது. உடனே வீட்டிலுள்ளோர், "நெட் சரியில்லை" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். ஒருவர் கூடுதல் விலைத் திட்டத்திற்கு மாறச் சொல்கிறார். மற்றொருவர் புதுக் கணிப்பொறி வாங்கச் சொல்கிறார். நோய் எங்கே என்று பாராமல் மருந்து வாங்கினால் காசுதான் கரையும். காணொளி எவ்வாறு நம் திரைக்கு வந்து சேருகிறது என்பதை அறிந்துகொண்டால், அது எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது என்பதை நீங்களே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் ஊருக்குத் தெற்கே, கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகில், முதலாம் இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பேரேரி இருக்கிறது. இன்று அதனைப் பொன்னேரி என்பார்கள். மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. பயிருக்கோ நாள்தோறும் தண்ணீர் வேண்டும். ஆதலால் வரும் நீரைத் தேக்கி, மதகின் வழியே அளவாக விடுகிறோம். காணொளியும் இப்படித்தான். அது சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, அத்துண்டுகளும் மிகச் சிறிய பொட்டலங்களாகப் பிரிந்து, கம்பியிலும் காற்றிலுமாகப் பயணம் செய்து வருகிறது. வழியில் தொலைந்த பொட்டலத்தை மறுபடியும் கேட்டுப் பெற வேண்டும். எனவே வரத்து ஒரே சீராக இராது. கணிப்பொறி அதனைத் தன் நினைவகத்தில் சிறிது தேக்கிவைத்து, அங்கிருந்து திரைக்கு அளவாக விடுகிறது. இத்தேக்கத்திற்குப் பஃபர் என்று பெயர். ஏரி வற்றினால் மதகில் நீர் வராது, வட்டம் சுழலும்.

இனி, திக்கலில் இரண்டு வகை உண்டு என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலான வீண்செலவிற்குக் காரணம். காணொளியின் அடியில் ஓடும் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். அதற்கு முன்னால் வெளிறிய கோடு ஒன்று நீண்டிருக்கும். அதுவே தேங்கிய நீரின் அளவு. சிவப்புக் கோடு வெளிறிய கோட்டின் முனையை எட்டிப் பிடித்து நின்றுவிட்டால், வரத்துக் குறைவு. குற்றம் பாதையில் இருக்கிறது. வெளிறிய கோடு வெகுதூரம் முன்னே இருந்தும், ஒலி ஒழுங்காக வந்தும், படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடினால், நீர் நிறைய இருக்கிறது, மதகுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்பொழுது குற்றம் கணிப்பொறியினுடையது. இணையத்தைக் குறை கூறிப் பயனில்லை.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பொறியியல் பயிலும் பெண். தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. பாடக் காணொளி நொண்டுகிறது என்று கடையில் காட்டியிருக்கிறார்கள். பழைய மடிக்கணினி உதவாது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முந்திரி விற்று அடுத்த பருவக் கட்டணத்திற்கென்று வைத்திருந்த பணத்தை எடுக்கத் தந்தை முடிவு செய்துவிட்டார். அப்பெண்ணை முதலில் கோட்டைப் பார்க்கச் சொன்னேன். "ஐயா, கோடு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது, படம்தான் நொண்டுகிறது" என்றாள். யூடியூப் படத்தின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்றொரு வரி வரும். அதனைத் திறந்தால், தேக்கம் எத்தனை நொடிக்கு இருக்கிறது, எத்தனை சட்டங்கள் காட்டப்படாமல் கைவிடப்பட்டன என்ற கணக்கெல்லாம் தெரியும். அங்கே கைவிடப்பட்ட சட்டங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. மடிக்கணினியோ தலையணையின்மேல் இருந்தது! அதன் அடியிலுள்ள காற்றுத்துளைகள் தூசியால் அடைபட்டிருந்தன. சூடு மிகுந்தால் கணிப்பொறியின் மூளை தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியை நீக்கி, ஒரு மரப்பலகையின்மேல் வைத்து, காட்சித் தரத்தை 1080-இலிருந்து 480-க்கு இறக்கினோம். கரும்பலகை எழுத்தைப் படிக்க அது போதுமானதாகவே இருந்தது. நொண்டல் நின்றது, கட்டணப் பணமும் தப்பியது.

தரத்தைக் குறைத்ததும் பழைய கணிப்பொறி ஏன் மூச்சுவிடுகிறது? காணொளி சுருக்கப்பட்டே வருகிறது. அதனை விரித்துக் காட்டுவது கடும் உழைப்பு. சுருக்கும் முறைகளில் எச்.264 என்பது 2003-இலும், விபி9 என்பது 2013-இலும், ஏவி1 என்பது 2018-இலும் வெளிவந்தன. புதிய கணிப்பொறிகளில் இவற்றை விரிப்பதற்கென்றே தனி உறுப்பு இருக்கிறது. 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளை எண்ணிப் பாருங்கள். அவை செய்யப்பட்டபோது விபி9 பிறக்கவே இல்லை. ஆகவே அக்காலத்துப் பொறிகளில் பொதுமூளையே அந்தப் பாரம் முழுவதையும் சுமக்க வேண்டியிருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸ் கணிப்பொறியில் எந்த வேலை எவ்வளவு உழைப்பை உண்ணுகிறது என்ற பட்டியல் தோன்றும். வேண்டாத வேலைகளை மூடிவிடலாம். உலாவியின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் அணைந்திருந்தால் அதனை இயக்குவதும் நலம்.

பாதையில் குற்றமென்று தெரிந்தால், பாதையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: வீட்டுக்குள் உள்ளது, வெளியே உள்ளது. வைஃபை பெட்டியையும் கணிப்பொறியையும் ஒரு கம்பியால் நேரே இணைத்தால் இது விளங்கிவிடும். கம்பியில் நன்றாக ஓடி, காற்றில் வரும்போது மட்டும் திக்கினால், குற்றம் வீட்டுக்குள்ளேயே. பல வீடுகளில் அப்பெட்டி பரணிலோ, இரும்புப் பீரோவின் பின்னாலோ இருக்கிறது. இரும்பு வானொலி அலையைத் தடுக்கும் என்று பௌதிகத்தில் படித்தோமல்லவா? அதை வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். பெட்டியில் இரண்டு அலைவரிசைகள் இருந்தால், 2.4 கிகாஹெர்ட்சு சுவரைத் தாண்டிச் செல்லும், ஆயின் அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் நெரிசலும் அதில்தான் மிகுதி. 5 கிகாஹெர்ட்சு விரைவானது, சுவருக்கு அஞ்சும். அதே அறையில் இருந்தால் பின்னதைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நான்கை ஒருசேர மாற்றினால், சரியானது எதனால் என்று ஒருபோதும் தெரியாது.

கம்பியிலும் திக்குகிறதா? வேகத்தை அளந்து பாருங்கள். யூடியூப் நிறுவனம் கூறும் கணக்குப்படி 480 தரத்திற்கு நொடிக்கு 1.1 மெகாபிட்டும், 720-க்கு 2.5 மெகாபிட்டும், 1080-க்கு 5 மெகாபிட்டும் போதும். இங்கே ஒரு சொல்: எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட். 40 மெகாபிட் திட்டத்தில் 5 மெகாபைட் வேகந்தான் தெரிகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள், இரண்டும் ஒன்றே. வேகம் போதுமானதாயிருந்து, ஒரு தளம் மட்டும் திக்கினால், குற்றம் அத்தளத்தின் பக்கத்தில் இருக்கலாம். பலரும் பார்க்கும் காணொளிகளின் படிகளைப் பெருநிறுவனங்கள் நம் நாட்டுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. மற்றவை கடல் கடந்து வர வேண்டும். 2008 சனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவிற்கு அருகே கடலடி வடங்கள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் தளர்ந்தது. கூட்ட நெரிசலும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் நாடே வீட்டுக்குள் அடங்கியபோது, காணொளி நிறுவனங்கள் கைப்பேசி வலைகளில் காட்சித் தரத்தை 480-க்கு மேற்படாமல் ஏப்ரல் 14 வரை நிறுத்திவைக்க இசைந்தன.

அன்றாட நெரிசலைக் கண்டுபிடிக்கக் கடிகாரம் போதும். விடியற்காலை ஐந்து மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் வேகத்தை அளந்து, ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதுங்கள். காலையில் தெளிந்தும் இரவில் தேய்ந்தும் இருந்தால், உங்கள் தெருவின் பாதை பலருக்குப் பங்கிடப்படுகிறது என்று பொருள். சேவை தருவோரிடம் முறையிடும்போது, "எப்பொழுதும் சரியில்லை" என்று சொல்வதைவிட அந்தக் குறிப்பேட்டை நீட்டுவது வலிமையுடையது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் நோக்கத்தோடு டான்ஃபிநெட் நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. இழை ஊருக்கு வந்தாலும், வீட்டுப் பீரோவின் பின்னாலுள்ள பெட்டியை அது நகர்த்தாது.

நேரலை வகுப்பு மட்டும் வேறு இனம். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு அப்பொழுதே விடை சொல்ல வேண்டுமாதலால், அதில் நீரைத் தேக்கி வைக்க இடமில்லை. ஏரியில்லாத வாய்க்கால் அது. சிறு தடையும் உடனே தெரியும். அப்பொழுது உங்கள் படக்கருவியை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யப்பட்ட பாடங்களுக்கோ அந்த அவசரம் இல்லை. என்.பி.டி.இ.எல். பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ள முடியும். நெரிசலில்லாத விடியற்காலையில் இறக்கிவிட்டால், இரவு தெரு முழுவதும் திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேராசிரியரின் கை அந்தரத்தில் நிற்காது.