செதிற்படைக்குக் களிம்பு: அளவும் நாளும் அறிந்து பூசுவோம்



சொரியாசிஸ் எனப்படும் செதிற்படை நோயைப் பற்றியும், அதற்குரிய களிம்புகளைத் தீங்கின்றிப் பயன்படுத்தும் முறையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். சித்த மருத்துவர்கள் இதனைக் காளாஞ்சகப்படை என்பர். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடிப்பதும், அதன்மேல் வெள்ளிநிறச் செதில்கள் படிந்து உதிர்வதும் இந்நோயின் அடையாளங்களாகும். கறுத்த மேனியில் சிவப்பு நன்கு தெரியாமல் சாம்பல் நிறமாகவோ கருநீலமாகவோ தோன்றுவதும் உண்டு.

முதலில் ஓர் அச்சத்தை நீக்கிவிடுவோம். இது தொற்று நோயன்று. நோயாளியைத் தொடுவதாலோ, அவருடன் உண்பதாலோ, அவர் படுத்த பாயில் படுப்பதாலோ பிறருக்கு இது பரவாது. இது தொழுநோயும் அன்று. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் நெறி தவறி, தோலைத் தூண்டிவிடுவதே இதன் காரணம். ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல், இந்நோயில் சில நாட்களிலேயே வளர்ந்து மேலே குவிந்து விடுகிறது. அக்குவியலே நாம் காணும் செதில். உலகச் சுகாதார நிறுவனத்தின் பேரவை 2014ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானமும் இதனைத் தொற்றாத நோய் என்றே குறிப்பிடுகிறது. ஆகவே இந்நோய் கண்டவரை வீட்டு விசேஷங்களிலிருந்து ஒதுக்குவதும், கல்யாணப் பேச்சைத் தடுப்பதும் அறியாமையேயாகும்.

தோலில் ஏற்படும் காயம் புதிய படைக்கு வழி திறந்து விடுகிறது என்பதைத் தோட்டத்தில் உழைப்போர் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். முள் கீறிய இடத்திலும், பூச்சி கடித்துச் சொறிந்த இடத்திலும் சில நாட்களுக்குப் பின் படை தோன்றக்கூடும். பால் உறையச் செய்யும் அமிலம் கையில் பட்டுப் புண்ணானாலும் அவ்வாறே நேரலாம். எனவே நீண்ட கைச்சட்டை அணிவதும், அமிலத்தைக் கையாளும்போது கையுறை அணிவதும், செதிலை நகத்தால் பெயர்க்காமல் இருப்பதும் மருத்துவத்தின் பகுதிகளேயாகும்.

இனி, களிம்புகளைப் பற்றிக் கூறுவோம். செதிற்படையை வேரோடு அகற்றும் களிம்பு இன்றுவரை இல்லை. ஆயினும் அதனை அடக்கி வைக்கும் களிம்புகள் பல உள்ளன. ஈரப்பசை காக்கும் வேசலின் போன்றவை முதல் வகை. இவற்றை நாள்தோறும் தாராளமாகப் பூசலாம். செதிலை இளக்கும் சாலிசிலிக் அமிலமும், படையைத் தணிக்கும் நிலக்கரித் தாரும் இரண்டாம் வகை. தார் பூசிய தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும். துணியிலும் கறை படியும். கால்சிபோட்ரியால் என்னும் வைட்டமின் டி வகைக் களிம்பு மூன்றாவது. பெரியவர்கள் இதனை வாரத்திற்கு 100 கிராமுக்கு மேல் பூசலாகாது. நான்காவது வகையே நாம் மிகுந்த விழிப்புடன் கையாள வேண்டிய ஸ்டீராய்டு களிம்பு.

ஸ்டீராய்டு களிம்பு அரிப்பையும் சிவப்பையும் சில நாட்களில் தணித்து விடும். அந்த விரைவே மக்களை ஏமாற்றுகிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது, பேட்டாமேத்தசோன் வலியது, குளோபெட்டசால் மிக வலியது. வலிய களிம்பை வரம்பின்றிப் பல மாதங்கள் பூசினால் தோல் காகிதம்போல் மெலியும், வரிகள் விழும், சிறு உரசலிலும் இரத்தம் கன்றும். உடல் முழுவதும் பூசினால் மருந்து இரத்தத்தில் கலந்து உள்ளுறுப்புகளையும் பாதிக்கக்கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி இதற்கு மிகவும் பொருந்தும்.

அவ்வாறாயின் சரியான அளவு எது? அதற்குத் தராசு வேண்டியதில்லை. உங்கள் விரலே போதும். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம் ஆகும். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள படைக்கு இது போதுமானது. நான்கு உள்ளங்கை அளவு படை உள்ளவருக்கு ஒரு வேளைக்கு ஒரு கிராம் தேவை. நாளுக்கு ஒரு முறை பூசும்படி மருத்துவர் கூறியிருந்தால், 15 கிராம் குழாய் 15 நாட்களுக்கு வர வேண்டும். நான்கே நாட்களில் அது தீர்ந்து விட்டால் அளவு மிகுந்து விட்டது என்பதை உணர்தல் வேண்டும்.

பூசும் நேரமும் முக்கியமானது. விடியற்காலையில் பூசிக்கொண்டு பால் வெட்டச் சென்றால் வியர்வையில் மருந்து கரைந்து போகும். வேலை முடிந்து வந்து குளித்து, உடலைத் துண்டால் ஒற்றி எடுத்தபின், படையின்மீது மட்டும் மெல்லியதாகப் பூசுவதே நல்லது. வேசலினையும் ஸ்டீராய்டு களிம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக உடனே பூசாமல் அரைமணி நேரம் இடைவெளி விடுங்கள். பூசியபின் கையைக் கழுவுங்கள். மருத்துவர் கூறாமல் களிம்பின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டலாகாது; அது மருந்தை மிகுதியாக உட்செலுத்திவிடும்.

முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியதாகையால் அங்கு வலிய களிம்பு ஆகாது. பெரியவருக்குக் கொடுத்ததைக் குழந்தைக்குப் பூசுவதும் தவறு. கருவுற்ற தாய்மார்கள் தம் நிலையை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டாருக்குக் குணமளித்த களிம்பை இரவல் வாங்கிப் பூசும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். உங்களுக்கு வந்திருப்பது படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு அதன் தோற்றத்தை மறைத்து உள்ளுக்குள் பரவச் செய்துவிடும்.

தொடங்குவதில் மட்டுமன்றி நிறுத்துவதிலும் ஒழுங்கு வேண்டும். நீண்ட நாள் பூசிய வலிய களிம்பைத் திடீரென நிறுத்தினால் படை முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். சிலருக்குச் சீழ்க்கொப்புளங்களும் தோன்றும். மருத்துவர் காட்டும் முறைப்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே பாதுகாப்பானது.

பலர் அறியாத இன்னோர் ஆபத்தும் உண்டு. வேசலின் போன்ற களிம்புகள் ஊறிய துணி தீப்பட்டால் மிக விரைவாக எரியும். களிம்பு படிந்த சட்டையுடன் அடுப்பருகிலும் புகைவீட்டின் தீயருகிலும் நிற்காதீர்கள். சிகரெட் பற்ற வைக்காதீர்கள். சலவை செய்தாலும் அந்தப் பிசுக்கு முற்றிலும் நீங்குவதில்லை என்பதை மறவாதீர்கள்.

சந்தையிலும் கைபேசி வழியாகவும் “மூன்றே நாளில் குணம்” என்று விற்கப்படும் பெயரற்ற களிம்புகளை நம்ப வேண்டாம். இத்தகைய சிலவற்றில் வலிய ஸ்டீராய்டு மறைவாகக் கலக்கப்பட்டிருப்பது சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் உறையில் “மால்” என்னும் மூன்று ரோமன் எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதனைப் பார்த்து வாங்குங்கள். உறையில் பெயரில்லாத மாத்திரைகளையும் தவிர்த்து விடுங்கள்.

சில வேளைகளில் களிம்பு மட்டும் போதாது. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் விறைத்து நின்றால் அது செதிற்படையோடு வரும் மூட்டுவாதமாக இருக்கலாம். கவனியாது விட்டால் மூட்டு உருக்குலைந்து, பால்வெட்டும் கத்தியையே பிடிக்க இயலாது போகும். உடல் முழுதும் சிவந்து காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வேறு நோய்க்கு மருந்து உண்பவர்கள் அதனையும் மருத்துவரிடம் கூறுங்கள். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகளும், மலேரியா மாத்திரைகளும் படையைத் தூண்டக்கூடும். மதுவும் புகையும் இந்நோய்க்குப் பகையே.

அன்பர்களே! அரைநாள் சம்பளம் போகுமே என்று தயங்கி அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லாமல் இருந்துவிடாதீர்கள். செல்லும்போது நீங்கள் பூசிவந்த களிம்புகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். எதனை, எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் பூச வேண்டும் என்னும் நான்கு கேள்விகளையும் கேட்டு, விடையைக் குழாயின் மீதே எழுதி வாங்குங்கள். இந்த நான்கும் தெரிந்தவரிடம் களிம்பு நல்ல துணைவனாக இருக்கும்.