கூட்டப் பொருளின் வரிசை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்ட அறிவிப்பு கைக்கு வந்ததும் நம்மில் பலர் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அதன் கீழே எண்ணிட்டு அச்சிட்டிருக்கும் கூட்டப் பொருள்களைப் படிப்பவர் சிலரே. கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பரிசளிப்பு என நிரல் நீண்டு, வரவு செலவுக் கணக்கு ஒன்பதாவதாக நிற்குமானால் என்ன நேரும்? சிப்காட்டில் இரண்டாம் ஷிப்டுக்குச் செல்ல வேண்டிய நம் இளைஞர்கள் பன்னிரண்டரை மணிக்கே எழுந்துவிடுவர். கணக்கு படிக்கப்படும்பொழுது எஞ்சியிருப்போர் ஓய்வு பெற்றோரும், பந்திக்குக் காத்திருப்போருமே. தீர்மானப் புத்தகத்தில் "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதப்படும். மாதந்தோறும் சந்தா செலுத்தியவரோ ஆலையில் இயந்திரத்தின் முன் நின்றிருப்பார்.

இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. பழைய நிரலைப் பார்த்துப் புதியதை எழுதும் வழக்கமே காரணம்.

நம் மாவட்டத்து ஊராட்சிகளில் நடைபெறும் கிராம சபையைப் பாருங்கள். முன்னர் ஆண்டுக்கு நான்கு முறை கூடிய அச்சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறு முறை கூடுகிறது. அங்கே ஊராட்சியின் செலவினம் அண்மை ஆண்டுகளில் முதற்பொருள்களில் ஒன்றாகவே வைக்கப்படுகிறது. மக்கள் நிறைந்திருக்கும் வேளையில் பணத்தைப் பற்றிப் பேசிவிடும் ஏற்பாடு அது.

வரிசையை மாற்றுவதற்கும் புதிய பொருளைச் சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அறிவித்த பொருள்களை முன்பின்னாக மாற்ற, கூட்டத் தொடக்கத்திலேயே சபையின் சம்மதம் பெற்றால் போதும். நடுவில் மாற்றுவது முறையன்று. ஒரு பொருளுக்கென்றே தாமதமாக வருபவர் ஏமாந்து போவார். அறிவிப்பில் இல்லாத பொருளைச் சேர்ப்பதோ வேறு விஷயம். "தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்" என்னும் கடைசி வரியின் கீழ் இரங்கல் தெரிவிக்கலாம், நன்றி கூறலாம், அடுத்த கூட்டத்திற்கு யோசனை வழங்கலாம். கடை வாடகையைக் குறைப்பதும், சந்தாவை உயர்த்துவதும், மதரஸா கட்டடத்திற்குக் கடன் வாங்குவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்குமா? வீட்டிலிருந்தவர், தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்று கேட்டால் நம்மிடம் விடை இராது. சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலேறி ஞாயிறன்று வந்து சேரும் உறுப்பினரும் நமக்கு உண்டு. அவர் அறிவிப்பைப் பார்த்தே பயணத்தை முடிவு செய்கிறார்.

பைலா திருத்தத்திற்குச் சட்டமே வரம்பிட்டிருக்கிறது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற சங்கம் துணை விதியை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதனைக் கொண்டுவரும் நோக்கத்தைக் குறிப்பிட்டு 21 நாள்களுக்குக் குறையாமல் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வாக்களிக்கும் உரிமையுடன் வந்திருப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். கைதட்டலால் அது நிறைவேறாது.

எனவே இரு யோசனைகளை முன்வைக்கிறேன். அடுத்த ஆண்டு முதல் கிராஅத்தை அடுத்துக் கணக்கையும் தணிக்கை அறிக்கையையும் எடுத்துக்கொள்வோம். பரிசளிப்பு பிற்பகலுக்குச் செல்லட்டும், பிள்ளைகள் காத்திருப்பார்கள். உறுப்பினர் சேர்க்க விரும்பும் பொருளை எழுத்து மூலம் பெறுவதற்கு ஒரு கடைசி நாளைக் குறித்து, அந்நாளைத் தொழுகைக்குப் பின் அறிவித்து, பலகையிலும் ஒட்டுவோம். இவ்விரண்டையும் இன்றே சபையின் முன் வைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டிருந்தேன். இவை இன்றைய அறிவிப்பில் இடம்பெறவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியே. அடுத்த கூட்டத்தின் பொருள்களில் சேர்க்குமாறு எழுதிய கடிதத்தைச் செயலாளரிடம் இப்பொழுது ஒப்படைக்கிறேன்.