மழைக் கணக்கும் நம் சங்கக் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நம்ம ராமநாதபுரத்து வெயிலும் மழையும் நம்ம வாழ்க்கையை எப்படி ஆக்கி வச்சிருக்கு, அதைப் பேசுங்க"ன்னு என்னைக் கேட்டுக்கிட்டாங்க. வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தெரிந்த விஷயத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால், நம்ம சங்கத்தில் ஒன்றை மாற்ற வேண்டியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்ம மாவட்டத்துக்கு வெளியூர்க்காரர்கள் வைத்த பேர் 'தண்ணியில்லாக் காடு'. உண்மையில் இங்கே மழையே இல்லாமல் இல்லை. வருசத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சுற்றிப் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். ஆனி, ஆடியில் கேரளாவில் கொட்டுகிற தென்மேற்கு மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு வருவது காற்றும் புழுதியும்தான். ஆக, மூணு மாசம் வருகிற தண்ணியைப் பன்னிரண்டு மாசத்துக்கு வைத்துப் பிழைக்கணும். நம்ம ஊர்ப் பழக்கம் பலவும் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்ததுதான்.

அதனால்தான் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணி கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயை நம்பித்தான் இவ்வளவு தூரம் வருகிறது. விவசாயத்துக்குக் கண்மாய், குடிக்க ஊரணி என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். குடிதண்ணி ஊரணியில் கால் கழுவக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, மாடு இறக்கக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாமலே நம்ம பாட்டிமார் அதைக் காப்பாற்றினார்கள்.

இன்று காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்திருக்கிறது. ஆனாலும் கோடையில் தள்ளுவண்டியில் ஆறு குடம், எட்டுக் குடம் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் யார்? பெரும்பாலும் நாமதான். மழை குறைந்தால் வயல் காய்வதை அதிகாரி வந்து அளந்து எழுதுவார். நம்ம தோளும் இடுப்பும் தேய்வதை எழுத எந்தப் பதிவேடும் இல்லை.

அடுத்து வயக்காடு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று ஊரெல்லாம் சொல்லும். நம்ம மானாவாரி நெல்லுக்கு அது அப்படியே பொருந்தாது. நமக்கு ஆவணிக் கடைசி, புரட்டாசிதான். நாற்றங்கால் போட்டுக் காத்திருக்கத் தண்ணி ஏது? காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்போம். மழை பத்து நாள் முந்தினாலும் பிந்தினாலும் விதை போச்சு. நன்றாக அமைந்தால் தையில் அறுப்பு. பொங்கல் நமக்கு வெறும் லீவு நாள் இல்லை, அது கையில் நெல் வருகிற நாள்.

அதுக்கப்புறம் மிளகாய். நம்ம முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. களத்தில் பரப்பிக் காயப்போட்டு, சோடை பொறுக்கி, தரம் பிரிப்பதில் பெரும்பங்கு பெண்கள் கை. ஊரே சபிக்கிற வெயில்தான் இங்கே வத்தலுக்கு நிறம் கொடுக்கிறது. மிளகாய் வத்தல், கருவாடு, கூழ்வத்தல் எல்லாம் இந்த வெயில் போட்ட சாப்பாடு. மழைக் காலத்தில் கறிகாய் கிடைக்காது, வேலையும் கிடைக்காது என்று தெரிந்து, கோடையிலேயே பானையில் கட்டி வைத்தார்கள். பனையும் அப்படித்தான். மற்ற மரம் வாடுகிற பங்குனி, சித்திரையில் அது பதநீர் தரும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறவளும் வீட்டுப் பெண்தான். சீமைக்கருவேல் கண்மாயைக் கெடுத்தது நிஜம். விளைச்சல் பொய்த்த வருசங்களில் கரிமூட்டம் போட்டுப் பல வீட்டில் அடுப்பு எரிந்ததும் நிஜம்.

சாமி கும்பிடுவதிலும் மழை இருக்கிறது. முளைப்பாரி போடும்போது இருட்டறையில் நவதானியத்தை முளைக்க வைத்து, நாள்தோறும் தண்ணி தெளித்து, கும்மியடித்துத் தூக்கிக்கொண்டு போய் நீர்நிலையில் கரைக்கிறோம். பயிர் செழிக்கணும், மழை பெய்யணும் என்கிற வேண்டுதல் அது. வீட்டிலிருக்கிற விதை எப்படி முளைக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும் வழி. கல்யாணம் காதுகுத்து எல்லாம் தை பிறந்த பிறகு கூடுவதற்கு நல்ல நாள் ஒரு காரணம். கையில் காசு இருப்பது இன்னொரு காரணம்.

கடற்கரைச் சங்கங்களுக்கு வேற கணக்கு. வாடைக்காற்று அடிக்கும்போது பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கும். கச்சான் காற்று அடித்தால் அப்படியே தலைகீழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். வயக்காட்டு வீட்டில் மிளகாய்க் காசு புழங்குகிற அதே நேரத்தில், விசைப்படகை நம்பியிருக்கிற வீட்டில் உலை வைக்க யோசிப்பார்கள்.

இதெல்லாம் பழைய ஒழுங்கு. இப்போது அந்த ஒழுங்கே ஆட்டம் காண்கிறது. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதாவது நமக்கு ஒரு வருசத்துக்குப் பெய்கிற மழையில் பாதி, ஒரே நாளில்! தூர்ந்துபோன வரத்துக்கால் அதைப் பிடிக்குமா? தெருவில் ஓடி, வீட்டுக்குள் புகுந்து, கடலுக்குப் போய்விடும்.

சரி, இதுக்கும் நம்ம சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் என் கோரிக்கை. வருமானம் மழையைப் பார்த்து வருகிறது. நம்ம கடன் தவணை மட்டும் நாள்காட்டியைப் பார்த்து வருகிறது.

ஒரு உறுப்பினர் ஆவணியில் விதைப்புக்கு 24,000 ரூபாய் உள்கடன் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாசம் 2,000 அசல். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி நாலு மாசமும் வயலில் இருந்து ஒரு பைசா வராது. கூட்டத்தில் தலைகுனியக் கூடாதே என்று வெளியே அஞ்சு வட்டிக்கு மாசம் 2,000 வாங்கிக் கட்டுகிறாள். மாசியில் நெல்லை விற்று அந்தக் கைமாற்றை அடைக்கும்போது வட்டி மட்டும் 500, 400, 300, 200 என்று 1,400 ரூபாய் ஆகிறது. அந்த 8,000 அசலை நாமே மாசி வரை பொறுத்திருந்தால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 280 ரூபாய்தான். அதுவும் நம்ம சங்கத்துக்கே வரும். நம்ம பதிவேட்டில் 'தவணை தவறாதவர்' என்று எழுதுகிறோம். அவள் எங்கே போய்த் தவறினாள் என்பது நம்ம பதிவேட்டில் இல்லை.

அதனால் பொதுக்குழு முன்னால் மூன்று விஷயம் வைக்கிறேன்.

முதலாவது, உள்கடனுக்கு மழையைப் பார்த்துத் தவணை. வயக்காட்டு உறுப்பினருக்குப் புரட்டாசி முதல் தை வரை சேமிப்பும் வட்டியும் மட்டும். அசல், மாசி முதல் ஆனிக்குள். கடற்கரை உறுப்பினருக்குத் தடைக்காலத்தில் அதே சலுகை. வங்கிக் கடன் தவணையை மாசாமாசம் கட்டித்தான் ஆகணும், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. யாருக்கு எந்த மாசம் காசு வரும் என்று ஒவ்வொரு சங்கமும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது, பயிர்க் காப்பீடு. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், மிளகாய்க்கு ஐந்து சதவீதம் வரை. கடைசித் தேதி வரும்வரை அடங்கலுக்கு அலையாமல், ஐப்பசி முதல் கூட்டத்திலேயே யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று கேட்டுவிடுவோம். குத்தகைக்கு உழுகிற அக்காமாரும் சேரலாம். நிலம் நம்ம பேரில் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம்.

மூன்றாவது, வரத்துக்கால். ஆவணி முடிவதற்குள் ஊரணி, கண்மாய் வரத்துக்கால்களைச் சுத்தம் செய்யும் வேலையை எடுக்கச் சொல்லிக் கிராம சபையில் நாம எழுந்து கேட்கணும். தனியாகக் கேட்டால் 'உட்காரும்மா' என்பார்கள். ஐம்பது பேர் சேர்ந்து எழுந்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதித்தான் ஆகணும்.

மழையை நம்ம இஷ்டத்துக்கு வரவைக்க முடியாது. தவணைத் தேதி நாம போட்டது, அதை மாற்ற நம்மால் முடியும். வருகிற பொதுக்குழுவில் முதல் விஷயத்தைத் தீர்மானமாகக் கொண்டுவர உங்கள் ஊராட்சியில் பேசிவிட்டு வாருங்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் வந்து ஏன் என்று சொல்லுங்கள், கேட்போம்.