தூண்டிலைப் பேணும் முறை



மீன்பிடித்தலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நீர்க்கரையிலிருந்தே தொடங்குவர். எந்த இரைக்கு எந்த மீன் வரும், எவ்வேளையில் அது நன்கு கடிக்கும் என்பனவற்றை விரித்துரைப்பர். இன்று நான் பேசக் கருதியது, அக்கரையை அடையுமுன்னும் அங்கிருந்து திரும்பிய பின்னும் நடப்பவற்றைப் பற்றியாகும். தூண்டிற்கோல் மீனின் பலத்தால் முறிவது அருமை. கதவிடையில் அகப்பட்டும் வண்டிப் பொதிகளின் கீழ் நசுங்கியும் முறிவதே அதிகம் என்பது பழகிய தூண்டிற்காரர் பலருடைய அநுபவம். நூலும் அவ்வாறே. அது நீரிற் சிக்குவதிலும் பார்க்கப் பையினுள்ளே சிக்குவதே மிகுதி.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்திலும் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்திலும் தூண்டில் போடுவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவருட் சிலர்க்கு அது பொழுதுபோக்கு. வேறு சிலர்க்கோ அன்றைய இராக் கறி. மீன் கடிக்கும் வேளை நெடிது நில்லாது. அவ்வேளையிலே நூற்சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருப்பவன் வெறுங்கையனாகவே வீடு திரும்புவான்.

நூல் ஏன் சிக்குகிறது? நாம் எவரும் முடிச்சுப் போடவில்லையே! இவ்வினாவை விஞ்ஞானிகளும் எழுப்பினர். அமெரிக்காவில், சன் டியேகோவிலுள்ள கலிபோணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரியன் றேய்மர், டக்ளஸ் சிமித் என்னும் இருவர், ஒரு பெட்டியினுள்ளே கயிற்றை இட்டு அப்பெட்டியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தனர். 2007ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவதாகும். நீண்ட கயிற்றிற் சில விநாடிகளுக்குள்ளேயே முடிச்சு விழுந்துவிடுகிறது. ஏறத்தாழ 46 சதமமீற்றரிலும் குறைந்த நீளமுள்ள கயிற்றில் முடிச்சு விழவில்லை. கயிறு நீள நீள, ஓரெல்லைவரை, முடிச்சு விழும் வாய்ப்பும் உயர்ந்தது. பெட்டி சிறிதாகிக் கயிறு அசைய இடமின்றிப் போனபோது அவ்வாய்ப்புக் குறைந்தது. சுருண்டு கிடக்கும் கயிற்றின் கட்டற்ற முனை, அருகிலுள்ள சுருள்களின் மேலுங் கீழுமாக நுழைந்து செல்வதே முடிச்சுக்குக் காரணம் என அவர்கள் விளக்கினர்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டே சொற்களில் அடங்கும்: முனையைக் கட்டுக, தளர்ச்சியை நீக்குக. சிக்கலைத் தடுக்கும் வழிகள் யாவும் இவ்விரண்டின் விரிவேயாகும்.

கைத்தூண்டில் நூலைப் பையிற் குவித்து வைத்தலாகாது. இரு நுனியும் பிளவுபட்ட சிறு பலகையிலே எட்டு என்னும் இலக்கத்தின் வடிவமாகச் சுற்றுக. வலப்பாதியில் ஏறும் முறுக்கை இடப்பாதி எதிர்த்திசையில் நீக்கிவிடும். சுற்றி முடிந்ததும் நுனியைப் பலகையில் வெட்டிய பிளவிலே இறுகச் செருகிவிடுக. றீல் பூட்டிய தூண்டிலாயின், நூலை ஈரத்துணியினூடாகச் சிறிது இழுவையோடு செலுத்திச் சுற்றுக. விளிம்புவரை நிரப்பலாகாது, இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைவாகவே நிறுத்துக. மிகுதியாக நிரம்பிய நூல் தானே வழிந்து சிக்கும். தூண்டில் முள்ளையும் ஈயக்குண்டையும் கழற்றித் தனிப்பெட்டியில் இடுக. அவற்றைத் தொங்கவிட்டபடி கொண்டுசெல்வோர், ஈயம் ஆடியாடிக் கோலில் மோதுவதையும், முள் வளையத்திற் கீறுவதையும் நினைப்பதில்லை. கீறிய வளையம் பின்னர் நூலை அறுக்கும்.

எவ்வளவு கவனித்தும் சிக்கல் ஏற்படின், இழுக்க வேண்டாம். இழுத்தல் சிக்கலை முடிச்சாக்கும். வெளிச் சுருள்களை மெல்ல விரித்துத் தளர்த்தி, முனையைத் தேடி வந்த வழியே மீட்டெடுக்க வேண்டும்.

இனிக் கோலைப் பற்றிச் சில சொல்வேன். கோல் தன் நீளமெங்கும் சீராக வளைவதற்கே ஆக்கப்பட்டது; பக்கவாட்டில் விழும் அடியையும், ஓரிடத்தில் அழுந்தும் பாரத்தையும் அது தாங்காது. காபன் நாரினாலான கோலிலே கண்ணுக்குப் புலப்படாத சிறு காயம்கூடப் பின்னொரு நாள் மீன் இழுக்கும்போது முறிவாக வெளிப்படும். கடலிலிருந்து வந்ததும் நன்னீராற் கழுவி, நிழலில் உலர்த்திய பின்னரே உறையில் இடுக. ஈரத்தோடு மூடினால் உப்பு வளையங்களை அரிக்கும். சுவரிற் சாய்த்து வைத்தால் நாளடைவிற் கோல் கூன்விடும். ஆதலின் நேராகத் தொங்கவிடுக, அல்லது பல முளைகளின்மேற் கிடத்துக. மூங்கிற் கோலுக்கு உளுப்பூச்சி பகை. அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகையூட்டும் நம் முன்னோர் வழக்கம் அப்பகையை விலக்க உதவும்.

மூட்டுள்ள கோலைக் கழற்றும்போது நேராக இழுக்க வேண்டும். வளையங்களைப் பிடித்துத் திருகலாகாது. நார்க்கோலின் உட்புகும் மூட்டிலே சிறிது மெழுகுதிரியைத் தேய்த்தால் அது இறுகிக்கொள்ளாது. கழற்றிய துண்டுகளின் மெல்லிய நுனி, தடித்த அடிப்பாகத்தின் அருகே காப்புப் பெறுமாறு சேர்த்து, துணி சுற்றி, பழைய துவிச்சக்கரவண்டி ரியூப்பின் கீலங்களால் மூன்றிடத்தில் மெதுவாகக் கட்டுக. பஸ் வண்டியிலோ புகையிரதத்திலோ செல்வோர்க்கு, இருபுறமும் மூடியிட்ட பிளாஸ்ரிக் நீர்க்குழாயிலும் மலிவான காப்புறை வேறில்லை. வெயிலில் நிற்கும் மூடிய மோட்டார் வண்டிக்குள் கோலையும் நூலையும் விட்டுச் செல்லலாகாது.

இங்கே உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. காபன் நார் மின்னைக் கடத்தும் இயல்புடையது. பூட்டிய நீண்ட கோலை நிமிர்த்திப் பிடித்தபடி மின்கம்பிகளின் கீழே நடப்பவன் பேராபத்தை அழைக்கிறான். மின்னல் வேளையிலும் அக்கோலை உயர்த்துதல் தகாது. கரையிலேயே கழற்றிக் கட்டிக்கொண்டு புறப்படும் பழக்கம் கோலை மட்டுமன்றிக் கோலுடையவனையும் காக்கும்.

முற்காலத்துப் பருத்தி நூலும் சணல் நூலும் ஈரத்தால் உக்கிப்போயின. ஆதலின் நாள்தோறும் உலர்த்தினர். நைலோன் நூல் எளிதில் உக்குவதில்லை. அதுவே நமக்கு வசதி. கடலுக்கோ அதுவே துன்பம். அவிழ்க்க முடியாத சிக்கலை வெட்டி நீரில் எறிந்துவிட்டுச் செல்வோர் உளர். எறிந்தவன் அன்றே மறந்துவிடுவான், நூல் மறவாது. பல்லாண்டுகள் அங்கே கிடந்து, கடலாமையின் துடுப்பையும் நீர்ப்பறவையின் காலையும் இறுக்கிக்கொண்டே இருக்கும். வெட்டிய நூலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு போத்தலில் இட்டு, வீட்டுக்குக் கொண்டுவருவதே முறை.

நேயர்களே, மாலையிற் களைத்து வந்தவனுக்கு நூலைச் சுற்றக் கால் மணிநேரம் செலவிடுவது பாரமாகத் தோன்றலாம். ஆயினும் அந்தக் கால் மணிநேரமே மறுநாட் காலையில் மீன் கடிக்கும் வேளையை அவனுக்கு மீட்டுக் கொடுப்பது. முனையைக் கட்டுங்கள், தளர்ச்சியை நீக்குங்கள், கோலுக்கு ஓர் உறையளியுங்கள். கையும் காக்கப்படும், கடலும் காக்கப்படும்.